உல்லாசப் பயணி

அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் வரும். அதைத் தொட்டால் விவசாயம், கலை, வணிகம், கல்வி என்று பட்டியல் விரியும். இடையில் ஓரிடத்தில் ‘இல்லத்தரசி’ இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முதலாளி யார், மாதச் சம்பளம் எவ்வளவு, என்ன வேலை என்று கேட்கும் கட்டங்கள் வருவதில்லை. படிவம் சுருங்கிவிடும். 2024-இல் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு நான் அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் கேட்டார்: “அவ்ளோதானா? என்னப் பத்தி வேற ஒண்ணும் கேக்கலையா?”

அக்கா பிறந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில். வாழ்க்கைப்பட்டது செங்கல்பட்டில். மகள் மகேந்திரா சிட்டியில் கணினி வேலை பார்த்து, அங்கிருந்து டெக்சஸ் போனவள். அவளுக்கு ஏழாவது மாதம். தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெற வழியில்லை, அதனால் தாய் போக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கம் வரை, ஐ.டி. வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இன்று இது சாதாரணக் கதை. அம்மாக்கள் பாஸ்போர்ட் எடுப்பதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

இந்தப் பயணத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? உல்லாசம். 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தற்காலிக வருகையாளர்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று தொழில் நிமித்தம், இன்னொன்று இன்பம் நிமித்தம். இந்த இரண்டாவதுதான் பி-2 விசா. சுற்றுலா, ஓய்வு, மருத்துவச் சிகிச்சை, உறவினரைப் பார்ப்பது எல்லாவற்றையும் விதிகள் ‘இன்பம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகின்றன. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதும், பத்தியச் சோறு ஆக்குவதும், தையல் ஆறாத மகளுக்கு வெந்நீர் ஊற்றுவதும் சட்டத்தின் கண்ணுக்கு உல்லாசம்.

அதே சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகையாளராக விண்ணப்பிப்பவரை, அவர் வேறு விதமாக நிரூபிக்கும்வரை, அங்கேயே தங்கிவிட வருபவராகத்தான் கருதச் சொல்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. தன் நாட்டில் தனக்கு ஒரு வசிப்பிடம் இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவர் காட்ட வேண்டும். ஆங்கில மூலத்தில் அந்த ‘அவர்’ ஆண்பால். பழைய சட்டங்களின் வழக்கம்தான் அது, அதை மட்டும் வைத்துச் சண்டைபோட மாட்டேன். ஆனால் நடைமுறையில் கேட்கப்படும் சான்றுகளைப் பாருங்கள்: நிரந்தர வேலை, சொத்து, வங்கிக் கையிருப்பு, ஊரில் விட்டுவிட்டு வரும் குடும்பம். ஊரோடு ஒருவரைக் கட்டிவைக்கும் கயிறுகளாம் இவை. யாருடைய வாழ்க்கையைப் பார்த்து இந்தப் பட்டியலை எழுதினார்கள் என்று யோசித்தால், அந்த ஆண்பால் வெறும் இலக்கணமாகத் தெரியவில்லை.

அக்காவின் பெயரில் என்ன இருந்தது? வீடு கணவர் பெயரில். இரண்டு மாடுகள் உண்டு, பால் கறந்து ஊற்றுபவர் அவர்தான், சங்கத்தில் கணக்கு கணவர் பெயரில். பிறந்த ஊரில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் பூர்வீக நிலம் இருந்தது. தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த திருத்தம், 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விலக்கிவைத்தது. அக்காவுக்குக் கல்யாணம் 1986-இல். அப்பாவின் தனிப் பங்கில் வர வேண்டியதையும் அண்ணன்கள் கேட்டபோது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். 2005-இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியபோது நிலம் கைமாறி, மதில் எழுப்பி, உள்ளே நீச்சல் குளம் வந்துவிட்டது. வங்கிப் புத்தகத்தில் மாதா மாதம் அவர் பெயருக்கு வரும் ஒரே தொகை மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்.

“திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறதுன்னு கேப்பாங்கக்கா. என்ன சொல்வீங்க?”

“இது ஒரு கேள்வியா? மாடு யாரு பாப்பாங்க? அவருக்குச் சக்கரை, வேளைக்கு ஆக்கிப்போட நான்தான வரணும்.”

நான் கேட்டதிலேயே உறுதியான கயிறு இதுதான். ஆனால் இதற்குப் பத்திரம் கிடையாது. ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டிருப்பது அவள் செய்யும் வேலைதான். அந்த வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் சாளரத்துக்கு முன்னால் அவளுக்கு வேலையே இல்லை என்றாகிறது. கணவரின் பட்டாவையும் கணவரின் வங்கிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கணவரையும் கூட்டிக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம், அவரை ஊரில் விட்டுவிட்டுப் போவதே நல்ல சான்று என்று விசா ஏஜென்ட் சொன்னார். கணவரை அடகு வைத்துப் போவது போல இருக்கிறது என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து ஏஜென்ட் சொன்னதில்தான் என் கோபம் தொடங்கியது: “பிரசவம் பாக்கப் போறேன், பிள்ளையைப் பாத்துக்கப் போறேன்னு வாயைத் திறக்காதீங்க. அது வேலைக்குப் போற மாதிரி ஆயிடும்.”

ஊதியமில்லாமல் சொந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று எந்த விதியும் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் வருகையாளர் அங்கே வேலை செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறது, குழந்தைப் பராமரிப்பு அங்கே காசு கொடுத்து வாங்கும் வேலையாகவும் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில்தான் ஏஜென்ட்டின் புத்திமதி பிறக்கிறது. அதாவது, அக்காவின் அதே இரண்டு கைகள் செய்யும் அதே வேலை செங்கல்பட்டில் வேலையல்ல, அதனால் அவர் திரும்புவதற்கு அது சான்றாகாது. டெக்சஸில் அது வேலையாகிவிடும் என்பதால் அவர் அதைச் சொல்லவே கூடாது. எந்தப் பக்கம் புரட்டினாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. வேண்டுமென்றே பொய்யான தகவல் தந்தார் என்று முடிவானால், அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுக்க நுழைவுத் தடை வரலாம். அந்தத் தடை விழுவது விண்ணப்பித்த பெண்ணின் தலையில். சொல்லிக்கொடுத்த ஏஜென்ட் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுவார். நானும் சுத்தமில்லை. பொய் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை, உண்மையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மகளைப் பார்க்கப் போகிறேன், நயாகரா பார்க்கப் போகிறேன்.

குழந்தை வளர்ப்புக்காக ஆள் வருவதே அந்த நாட்டுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 1986 முதல் அங்கே ‘ஓ பேர்’ என்றொரு திட்டம் நடக்கிறது. 18 முதல் 26 வயது வரையிலான வெளிநாட்டு இளையவர்கள் ஒரு குடும்பத்தோடு தங்கி, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை குழந்தை பார்க்கலாம். அதற்கு உதவித்தொகையும் தனி விசாவும் உண்டு. சட்டம் அதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று அழைக்கிறது. அந்தப் பெண்கள் சுரண்டப்படுவது வேறு கதை. ஆனாலும் அவர்களுக்குச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்த அறுபது வயதுக்காரிக்கு அப்படி ஒன்று இல்லை.

பிரிட்டனில் இது இன்னும் வினோதம். 2012 ஜூலையில் வந்த விதிப்படி, வயதான தாய் அங்கே மகளோடு நிலையாகத் தங்க, பிரிட்டனுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அன்றாடக் காரியங்களைக்கூடத் தானாகச் செய்ய முடியாத அளவுக்கு முதுமையோ நோயோ இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது அதற்குக் கொடுத்துக் கட்டாது என்றும் நிரூபிக்க வேண்டும். கை கால் விழுந்தபின் பராமரிக்கப்பட மட்டும் வரலாம். பராமரிக்கத் தெம்பிருக்கும் வயதில் அந்தக் கதவு திறப்பதில்லை.

மறுத்தால் யாரிடம் போவது? சாளரத்தில் கேள்விகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய 185 டாலர் திரும்பாது, மறுபடி கட்டி மறுபடி நிற்கலாம். வெளிநாட்டில் உள்ள தூதரக அதிகாரியின் விசா முடிவை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தொடுவதில்லை. குடிமகளுக்கே அந்தக் கதிதான். 2024 ஜூன் 21 அன்று முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் வெளிநாட்டுக் கணவனை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை ஒரு குடிமகளுக்கு இல்லை என்றது. தீர்ப்பை எழுதியவர் ஒரு பெண், ஏமி கோனி பாரெட். மாறுபட்ட மூவரும் பெண்கள்.

அந்தத் தீர்ப்பைவிட என்னை உறுத்துவது 2015-இன் தின் வழக்கு. அங்கேயும் கேட்டவர் ஒரு மனைவி. அவருக்கு அப்படியொரு உரிமை வரலாற்றில் வேரூன்றியதல்ல என்று காட்ட, நீதிபதி ஸ்காலியா எடுத்து வைத்த சான்றுகளில் ஒன்று 1907-ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டவனை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறித்த சட்டம் அது. முன்பு பெண்களுக்குச் செய்த அநீதி, இன்று பெண்ணுக்கு உரிமையில்லை என்பதற்கு ஆதாரமாகிறது.

ஒரு நாட்டுக்குத் தன் வாசலைக் காக்க உரிமையில்லையா, ஆண்களுக்கும்தானே மறுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மறுக்கிறார்கள்தான். வேலையில்லாத இளைஞனும் அதே சாளரத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறான். ஆனால் அவனுக்கு இல்லாதது வேலை. அக்காவுக்கு வேலை இருக்கிறது, நாற்பது வருடமாக. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் கணவர் வாங்கிய சொத்தில் போட்ட பங்குதான், அவருக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தக் கணவர் வேலை பார்த்தது சவுதி அரேபியாவில். அவர் போய்ச் சம்பாதிக்க முடிந்ததே மனைவி இங்கே இருந்ததால்தான் என்பதை ஒரு நீதிமன்றத்தால் பார்க்க முடிந்திருக்கிறது. விசா படிவத்துக்கு அந்தப் பார்வை இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு விசா கிடைத்தது. ஐந்தரை மாதம் இருந்துவிட்டு, சொன்ன தேதிக்கு முன்பே திரும்பிவிட்டார். எடை குறைந்திருந்தது. நயாகரா எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா பாத்தேன்? அந்த ஊரு சமையக்கட்டு ஜன்னல்ல ஒரு மரம் தெரியும். அதுதான் பாத்தேன்.”

இப்போது மருமகளுக்கு நாள் தள்ளியிருக்கிறது, நியூ ஜெர்சியில். மகனும் மாசாமாசம் போன் போடுகிறான். விசாவில் காலம் மிச்சமிருப்பதால் இம்முறை சாளரத்தில் நிற்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று போன வாரம் வந்து விசாரித்தார். போன தடவை சொன்னதையே சொல்லுங்கள் என்றேன்.

“அப்ப அந்த நயாகரா எப்படி இருக்கும்னு போன்ல ஒரு தடவ காட்டிடு. பாத்துட்டே சொல்லிடறேன்.”