செங்கல் வடித்த எழுத்து

சதுரக் கூஃபீ எழுத்தில் வளைவே கிடையாது. தடித்த கோடுகள் நேரே சென்று செங்கோணத்தில் திரும்பும்; கோட்டின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஒன்றே. அதைப் பெற்றெடுத்தது செங்கல். ஸமர்கந்தில் தைமூர் (மறைவு 1405) அடங்கியுள்ள கூரே அமீர் சுவர்களில், வண்ண மெருகிட்ட செங்கற்களை வெறும் செங்கற்களிடையே பதித்து, 'அல்லாஹ்', 'முஹம்மத்' என்னும் திருநாமங்களை எழுதினர். செங்கல் வளையாது, எழுத்தும் வளையவில்லை. அந்த நேர்மையே அதன் பேரழகு.

இன்று கணினி எழுத்துருக்கள் அவ்வடிவத்தைத் தாளுக்கும் கொணர்ந்துள்ளன. நூல் முகப்பில் ஓரிரு சொற்களுக்கு அது கம்பீரம் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், அண்மையில் ஒரு துஆ ஏடு முழுவதும் அவ்வெழுத்திலேயே அச்சாகியிருக்கக் கண்டு திகைத்தேன். சதுரக் கூஃபீ பெரும்பாலும் புள்ளிகளைத் துறந்தது, அவ்வேடும் துறந்திருந்தது. எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கியிருந்த சிறுவன் ஒருவன் அதைக் கையிலெடுத்து, ஷைத்தானைச் சுட்டும் 'ரஜீம்' என்பதை 'ரஹீம்' என்று ஓதினான். ஒரு புள்ளி மறையவே, விரட்டப்பட்டவன் அருளாளன் ஆனான்! சிறுவனை நோவதில் பயனில்லை.

சுவரைக் கண்டோர் அத்திருநாமங்களை முன்பே நெஞ்சில் கொண்டிருந்தனர்; எழுத்து அவர்களுக்கு நினைவூட்டலே. ஏட்டைத் திறக்கும் குழந்தைக்கோ எழுத்தே வழிகாட்டி. அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஓர் அமானிதம். ஆதலின், பதிப்பாளர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: கூஃபீ முகப்பில் நிற்கட்டும், உள்ளே ஓதுவதற்குப் புள்ளியும் ஹரகத்தும் நிறைந்த நஸ்க் எழுத்தே வரட்டும். ஓதுவோரின் நாவைக் காப்பதும் அச்சிடுவோரின் கடமையே.