பழைய லேண்ட் ரோவரும் அதன் மூன்று கியர் ராடுகளும்

மலேசிய மலை ஊரான தானா ராத்தாவில் முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு போகும் பழைய லேண்ட் ரோவர்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. கறிகாய்த் தோட்டங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை. 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3 வகையில், 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட பெட்ரோல் வண்டி ஒன்றை இங்கே ஓட்டிப் பார்த்தேன்.

ஸ்டீயரிங் கனம், இரைச்சல் அதிகம். ஆனால் தேயிலைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில், பாரத்தோடு இறங்கும்போது, பிரேக்கை அதிகம் தொடாமலேயே வண்டி கட்டுக்குள் நிற்கிறது. காரணம், சிவப்புக் குமிழ் வைத்த ராடு. வண்டியை நிறுத்தி அதைப் பின்னுக்கு இழுத்தால் லோ கியர் விழும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கிடைக்கும். ஹை கியரிலேயே நான்கு சக்கர இழுவை வேண்டுமானால் மஞ்சள் குமிழை அமுக்க வேண்டும். மூன்றாவது, வழக்கமான நான்கு கியர் ராடு.

இன்னொரு பழைய வண்டியோடு ஒப்பிட்டால், வோக்ஸ்வாகன் கோம்பி வேனில் கியர் ராடு முன்னால், கியர் பாக்ஸ் பின்னால். நடுவே ஓடும் நீண்ட தண்டின் புஷ் தேய்ந்தால் கியரைத் தேட வேண்டியிருக்கும். லேண்ட் ரோவரில் ராடு கியர் பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இந்த ராடுகளின் எதிரி மலையின் ஈரம்.

அந்த ஈரத்தில் அதிகம் அடிவாங்குவது மஞ்சள் ராடு. சிவப்பை லோவுக்கு இழுத்து மறுபடி ஹைக்குத் தள்ளினால், மஞ்சள் குமிழ் 'டக்'கென்று மேலே எழ வேண்டும். எழவில்லையென்றால் முன் சக்கர இழுவை இன்னும் விடுபடவில்லை. இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. அந்த நிலையில் தாப்பா சாலையின் வளைவுகளில் காய்ந்த தாரில் இறங்கினால், டயரும் பல்சக்கரமும் சேர்ந்து தேயும்.

பல நேரங்களில் கோளாறு கியர் பாக்ஸுக்குள் இல்லை. தரைத் தகட்டையும் நடு மூடியையும் கழற்றினால் ராடுகளின் கீல்களும் ஸ்பிரிங்குகளும் கண்ணுக்குத் தெரியும். சேற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ராடு தடையின்றி நகரும்வரை அசைத்து, பிறகு கிரீஸ் தடவினால் பெரும்பாலும் போதும். மூடியைத் திரும்பப் போடும்போது ராடு துளையின் விளிம்பில் இடிக்கிறதா என்று பார்க்கவும். இடித்தால் ஓட்டத்தில் கியர் நழுவும்.

கடகடவென்று ராடு ஆடினால் அடிக்குண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றலாம். எல்லாக் கியரும் கரகரத்தால் முதலில் கிளட்ச் எண்ணெயைப் பாருங்கள். கியர் நழுவினால் மவுண்ட் ரப்பரைச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் நழுவினால்தான் உள்ளே திறக்க வேண்டும். கியர் பாக்ஸுக்கு ஒன்றரை லிட்டர், சிவப்பு, மஞ்சள் ராடுகள் இயக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு இரண்டரை லிட்டர், இரண்டிலும் 90 எண் கியர் எண்ணெய். தனித்தனி மட்டம், தனித்தனித் திருகு.

தீர்ப்பு: தினசரி ஈப்போவுக்குப் போய்வர இதை வாங்காதீர்கள். தோட்டப் பாதைக்கு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு, நல்ல வண்டி. விலை பேசுமுன் மூன்று ராடுகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். புது பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்.