குணசாலியும் பராக்கிரமசாலியும்: கிறித்தவ நன்றியுணர்வும் இல்லத்துப் பெண்ணுழைப்பும்

கிறித்தவத் தியான உரைகளிலும் குடும்ப வழிபாட்டுப் பிரசங்கங்களிலும் இரு கருத்துகள் பெரும்பாலும் இணைந்தே வருவதனைக் காண்கிறோம். ஒன்று, எல்லாவற்றிற்காகவும் இறைவனுக்கு நன்றி செலுத்துதல் வேண்டும் என்பது. மற்றையது, பெண் தனது இல்லத்தின் ஒளியாக விளங்குதல் வேண்டும் என்பது. இவ்விரண்டும் தனித்தனியே நோக்கப்படுமிடத்து மறுப்பிற்கு இடமற்றவை போலத் தோன்றும். ஆயின் அவை இணைக்கப்படும் முறையே எமது கவனத்திற்குரியது. இல்லப்பணி பெண்ணுக்கு அருளப்பட்ட பேறு எனவும், அப்பேற்றிற்காக அவள் நன்றியுடையவளாதல் வேண்டும் எனவும் கூறப்படும்பொழுது, நன்றி செலுத்துபவள் உழைப்பவளாகவும், உழைப்பின் பயனை நுகர்வோர் நன்றி கேட்போராகவும் மாறிவிடுகின்றனர். யார் யாருக்கு நன்றி கூற வேண்டும் என்ற எளிய வினாவினை இவ்வுரைகள் எழுப்புவதில்லை. அவ்வுரைகள் தமக்கு ஆதாரமாகக் கொள்ளும் வேதப் பகுதிகளையே எடுத்து அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நன்றி என்னும் சொல்லினை நோக்குவாம். இன்றைய வழக்கில் அது வாயாற் கூறப்படும் ஓர் உபசாரமாகச் சுருங்கியுள்ளது. பழைய தமிழ் வழக்கில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. அந்நன்மையைப் பெற்றவன் செய்ய வேண்டியது அதனை அறிதல். ஆகவேதான் வள்ளுவரின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்' எனப் பெயர் பெறுகின்றது. அதற்கு முந்திய 10ஆம் அதிகாரம் 'இனியவை கூறல்' என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இனிய சொல் வேறு, செய்நன்றியை அறிதல் வேறு என்பது அதிகார அமைப்பிலேயே தெளிவாகின்றது. அறிதல் என்பது ஓர் அறிவுச் செயல். செய்யப்பட்டது யாது, செய்தவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றைக் கண்டுகொள்ளுதல். கண்டுகொள்ளப்படாத உழைப்பிற்கு எத்துணை இனிய சொற்களைக் கூறினும் அது செய்ந்நன்றியறிதல் ஆகாது.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, இல்லத்துப் பெண்ணைப் பற்றிய கிறித்தவ உரைகளில் மிகுதியும் எடுத்தாளப்படும் பகுதியான நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் 10 முதல் 31 வரையான வசனங்களை நோக்குவோம். இப்பகுதி 22 வசனங்களையுடைய ஒரு தனிப் பாடல். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் முறையே வசன முதலாக வருமாறு அது அமைக்கப்பட்டுள்ளது. ஆத்திசூடியை அறிந்த எமக்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. பாடலின் தலைவி எபிரேயத்தில் 'எஷெத் ஹயில்' எனப்படுகின்றாள். 'எஷெத்' என்பது பெண் எனப் பொருள்படும். 'ஹயில்' என்பதோ ஆற்றல், வீரம், செல்வம், படை ஆகிய பொருள்களைத் தருவது. எம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் வேதாகமம் இத்தொடரை 'குணசாலியான ஸ்திரீ' எனத் தருகின்றது.

இதே 'ஹயில்' ஆடவரைக் குறித்து வருமிடத்து அதே மொழிபெயர்ப்பு யாது செய்கின்றது? நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்திற் கிதியோனைத் தேவதூதன் விளிக்கும் சொல்லில் இதே 'ஹயில்' உண்டு. அங்குத் தமிழில் நாம் காண்பது 'பராக்கிரமசாலி'. ரூத் 3ஆம் அதிகாரத்தில் ரூத் 'எஷெத் ஹயில்' எனப்படுகிறாள். அங்கு மீண்டும் 'குணசாலி'. ஆணிடத்து வீரமாகத் தோன்றிய பண்பு பெண்ணிடத்து நற்குணமாகக் குறைந்துவிடுகின்றது. இன்னுமோர் இடம் இதனினும் தெளிவானது. நீதிமொழிகள் 31:29 இல் எபிரேய மூலம் பல மகளிர் 'ஹயில்' செய்தனர் என வினையாகக் கூறுகின்றது. தமிழிலோ அது குணசாலிகளாக இருத்தல் என்னும் நிலையாக மாறிவிடுகின்றது. 60ஆம் சங்கீதத்தின் இறுதி வசனத்தில் இதே வினைத்தொடர் போருக்குச் செல்லும் மக்களின் வாயில் வருகின்றது. அங்குத் தமிழ் பராக்கிரமஞ் செய்தலைப் பேசுகின்றது. செயல் பண்பாகின்றது, உழைப்பு இயல்பாகின்றது. இயல்பினாற் செய்வதற்கு எவரும் நன்றி கூறுவதில்லை. நிழல் தருவதற்காக மரத்திற்கு நாம் கடன்பட்டதாகக் கருதுவதில்லை அன்றோ?

இக்குறை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் உரியதன்று. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே தொடங்கப்பெற்ற கிரேக்க மொழிபெயர்ப்பு ஆண்மை, துணிவு என்பவற்றைக் குறிக்கும் 'அந்த்ரேயா' என்னும் அடைமொழியையும், இலத்தீன் வுல்காத்தா வலிமையுடைய பெண் என்னும் பொருள்படும் தொடரையும் இவ்விடத்தே கையாண்டன. லூத்தரின் ஜெர்மானிய வேதாகமமும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமுமே ஒழுக்க நெறியைச் சுட்டும் சொற்களை வழக்கிற் கொணர்ந்தன. தமிழ் அவற்றின் வழியிற் சென்றுள்ளது. வலிமை நற்குணமாகிய இம்மாற்றத்தைச் சொற்றேர்வின் விபத்தென ஒதுக்கிவிட முடியாது. உற்பத்தியின் களமாக இருந்த இல்லம் படிப்படியே நுகர்வின் களமாக மாறிவந்த ஒரு சமூகத்தின் பார்வை அச்சொல்லிற் படிந்துள்ளது எனக் கருதுதல் பொருத்தமானது.

பாடலிற் பேசப்படும் இல்லம் உண்மையில் ஓர் உற்பத்திக் களமே. தலைவி ஆட்டுமயிரையும் சணலையும் தேடுகிறாள், கதிர்க்கோலை இயக்குகிறாள், ஆராய்ந்து ஒரு வயலை வாங்குகிறாள், தனது கைவருமானத்தினாற் திராட்சைத் தோட்டம் நாட்டுகிறாள், ஆடைகளும் கச்சைகளும் செய்து வணிகருக்கு விற்கிறாள். அவளது வருவாயைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் ஒன்று போர்க்கொள்ளையைக் குறிப்பது. அவள் வீட்டாருக்களிக்கும் உணவைக் குறிக்கும் சொல் வேட்டை இரையைக் குறிப்பது. இவற்றைக் கருத்திற் கொண்டே ஆல் வோல்டர்ஸ் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இப்பகுதியை வீரர் புகழ்ப்பாடல் மரபில் வைத்து விளக்கினார். எமது புறத்திணை மரபில் மூதின்முல்லைத் துறையும் மறக்குடிப் பெண்ணின் வீரத்தைப் பாடுகின்றது. ஆயின் அங்கு அவளது வீரம் மகனையோ கணவனையோ போருக்கு ஈவதில் வெளிப்படுகின்றது. எபிரேயப் பாடலோ போர்க்களத்துச் சொற்களைக் கதிர்க்கோலுக்கும் வயலுக்கும் மாற்றுகின்றது. உழைப்பினை வீரமாகக் கண்ட ஒரு பார்வை அதில் உண்டு.

இப்பாடலின் இறுதி வசனம் எமது வினாவிற்கு நேரடியாக விடை தருகின்றது. அவளுடைய கைகளின் பலன் அவளுக்கே கொடுக்கப்படல் வேண்டும் என்பதும், அவளுடைய செயல்கள் ஊர் வாசல்களில் அவளைப் புகழ வேண்டும் என்பதுமே அதன் ஆணை. ஊர் வாசல் என்பது முதியோர் கூடி வழக்குத் தீர்த்த இடம்; 23ஆம் வசனத்தின்படி அவளது கணவன் அமர்ந்திருக்கும் இடம். ஆகவே இவ்வாணை இரண்டு கூறுகளையுடையது: ஒன்று, உழைப்பின் பயனில் உரிமை, மற்றையது, இல்லத்திற்குப் புறம்பான பொது அரங்கில் அங்கீகாரம். இங்கு நன்றி கூறுமாறு ஏவப்படுபவர் பெண் அல்லர். அவளது உழைப்பில் வாழ்வோரே. தியான உரைகள் இப்பாடலின் தொடக்க வசனங்களை விரித்துரைக்கும் அளவிற்கு இவ்விறுதி வசனத்தை விரித்துரையாமை தற்செயலானது எனக் கொள்ள எம்மால் இயலவில்லை.

எனினும் இப்பாடலை விமரிசனமின்றிப் போற்றுதலும் பொருந்தாது. 15ஆம் வசனத்தில் அவளது வீட்டிற் பணிப்பெண்கள் உளர். தலைவியின் கைகளைப் பற்றிப் பாடும் புலவர் அப்பணிப்பெண்களின் கைகளைப் பற்றி யாதும் கூறவில்லை. செல்வக் குடியின் தலைவிக்குப் புகழும் பயனும் உண்டு. அவளுக்குக் கீழ் உழைப்போருக்கு உணவு மாத்திரமே உண்டு. குடும்பத்தினுள் நிகழும் உழைப்புப் பிரிவினையைச் சொத்துடைமையோடு இணைத்து 1884ஆம் ஆண்டு ஏங்கெல்ஸ் எழுதிய நூல் உணர்த்திய உண்மை இங்கும் பொருந்துவதாகும். பெண்ணென்ற ஒரே பெயரால் எல்லாப் பெண்களையும் அழைக்கும் உரைகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

புதிய ஏற்பாட்டிற்கு வருவோம். இல்லத்திலேயே இருத்தலைப் பெண்ணின் கடமையாக வற்புறுத்துவோர் தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 2:5ஐ எடுத்துக்காட்டுவர். தமிழ் வேதாகமம் இங்கு வீட்டிற் தரித்திருத்தலைக் கூறுகின்றது. ஆயின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளுட் சினாயிப் படி, அலெக்சாந்திரியப் படி ஆகியவற்றின் மூலபாடத்தில் உள்ள சொல் 'ஒய்குர்கூஸ்'. அது வீட்டில் வேலை செய்வோர் எனப் பொருள்படும். பிற்பட்ட படிகளிற் காணப்படும் 'ஒய்கூரூஸ்' என்பதே வீட்டைக் காத்திருப்போர் எனும் பொருளைத் தருவது. இரண்டிற்கும் இடையே ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. அவ்வோரெழுத்தின் நீக்கத்தால் உழைப்பு மறைந்து இருப்பு மட்டும் எஞ்சுகின்றது. மேலும் அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம் அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிதலைக் கூறுகின்றது. அடிமை முறைமை பற்றிய அறிவுரையை அதன் காலத்திற்குரியதெனக் கொண்டு, நான்கு வசனங்களுக்கு முந்திய அறிவுரையை மட்டும் எக்காலத்திற்கும் உரியதெனக் கொள்வதற்கு எவ்விதத் தருக்க நியாயமும் இல்லை.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்திற் சீமோனின் மாமி காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்கிறாள். நன்றியுடைய பெண் அடுக்களைக்குத் திரும்புவாள் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவளுக்குக் கூறப்படும் கிரேக்க வினை 'தியாகொனெயோ'. இதே வினை அதே அதிகாரத்திற் தேவதூதரின் செயலுக்கும், 10:45 இல் மனுஷகுமாரன் தான் வந்த நோக்கத்தைக் கூறுமிடத்தும் வருகின்றது. அவ்விரு இடங்களிலும் தமிழ் 'ஊழியம்' என்கின்றது. மாமிக்கு மட்டும் 'பணிவிடை'. உரோமர் 16ஆம் அதிகாரத்திற் பெபேயாள் 'ஊழியக்காரி' எனப்படுவதனையும் நாம் மறைத்தலாகாது. மொழிபெயர்ப்பாளர் எங்கும் ஒரேவகையிற் பெண்களைத் தாழ்த்தினர் என்பது எமது வாதமன்று. இல்லத்தினுள் நிகழும் செயலுக்கு அச்சொல் எட்டவில்லை என்பதே கருதத்தக்கது.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இரு பகுதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலாவது, வயலிலிருந்து திரும்பி உணவும் ஆயத்தஞ் செய்யும் அடிமைக்கு எசமான் நன்றி பாராட்டுவதில்லை என்னும் உவமை. இரண்டாவது, குணமடைந்த பத்துக் குஷ்டரோகிகளுட் சமாரியன் ஒருவன் மாத்திரம் திரும்பிவந்து நன்றி கூறிய நிகழ்ச்சி. 'கரிஸ்' என்னும் ஒரே வேர்ச்சொல் இரு பகுதிகளிலும் உண்டு. உலக நடைமுறையில் நன்றி மேலிருந்து கீழ்நோக்கி வருவதில்லை என்பதை முதற்பகுதி காட்ட, நன்றி என்பது திரும்பிவந்து செய்தவரைக் கண்டுகொள்வது என்பதை இரண்டாவது காட்டுகின்றது. நாளும் இருமுறை உழைக்கும் அவ்வடிமையின் நிலையிலேயே இல்லத்துப் பெண்களுட் பலர் உள்ளனர். அவர்களை நோக்கித் திரும்பிவருவோர் பதின்மருள் ஒருவரேனும் உண்டா என்பதே கேட்கப்பட வேண்டியது.

இவ்வினா எமது மண்ணிற்குப் புறம்பானதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824ஆம் ஆண்டு ஹரியற் வின்சிலோவின் பொறுப்பில் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். கற்ற கிறித்தவ ஆடவருக்குத் தக்க துணைவியரை உருவாக்குதல் பின்னதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. இவ்வாறு கல்வி இல்லத்தின் பொருட்டே பெண்ணுக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் எழுத்தறிவு தனக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் நிற்பதில்லை. 1914ஆம் ஆண்டு மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை வெளியிட்டபொழுது, கிறித்தவப் பெண்ணொருத்தியின் எழுத்திலேயே இல்லத்தின் உட்புறம் ஈழத்து வாசகர் முன் வைக்கப்பட்டது. கணவனின் கொடுமையைப் பொறுமையோடு தாங்கும் கண்மணி அதன் மையப் பாத்திரம். நூலின் பெயர் 51ஆம் சங்கீதத்தின் சொற்களை நினைவூட்டுவது. அச்சங்கீதத்தின் தலைப்புக் குறிப்பின்படி அங்கு நொறுங்குவது பத்சேபாள் விடயத்திற் குற்றமிழைத்த அரசனின் இருதயம். நாவலை வாசிப்போர் மனத்தில் நிலைத்துநிற்பதோ குற்றமற்ற மனைவியின் துயரம். ஆசிரியர் பொறுமையைப் போற்றினாரெனினும், அப்பொறுமைக்குப் பெண் கொடுத்த விலையினை ஆவணப்படுத்தியுள்ளார். அறியப்படாத உழைப்பினையும் துன்பத்தினையும் அறியச்செய்தமையே அந்நாவலின் முற்போக்கான அம்சம் என நாம் கருதுகிறோம்.

இல்லத்துப் பெண்ணின் உழைப்பு காணப்படாமை சமயத் துறைக்கு மட்டும் உரிய குறையன்று. ஐக்கிய நாடுகள் அமைப்பின் தேசியக் கணக்கீட்டு முறை, 1993ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலும், வீட்டார் தம் நுகர்விற்காக ஊதியமின்றிச் செய்யும் சமையல், துப்புரவு, குழந்தைப் பராமரிப்பு முதலிய சேவைகளை உற்பத்தியின் எல்லைக்கு வெளியே வைத்தது. மேரிலின் வேரிங் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்புறக்கணிப்பை விரிவாகச் சாடினார். பிரசங்க பீடம் அவ்வுழைப்பை அருட்பேறு என்கின்றது. கணக்கேடு அதனை உழைப்பென்றே கொள்வதில்லை. இரண்டிலும் கைகளின் பலன் கைகளுக்குரியவளைச் சென்றடைவதில்லை.

நன்றியுணர்வு மனித உறவுகளுக்கு இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. துயரமிக்க வாழ்விற் பெண்கள் பலருக்கு இறைவனுக்கு நன்றி கூறுதல் உள்ளத்து உரமாக இருந்து வந்துள்ளது. அதனை இகழ்தல் விமரிசகனின் பணியன்று. ஆனால் ஒடுக்கப்பட்டவரிடம் நன்றியை வேண்டுவதும், ஒடுக்கப்பட்டவருக்கு நன்றியறிதலும் வெவ்வேறானவை. முன்னது உள்ள நிலையைப் பேணுகின்றது. பின்னது அதனை மாற்றுவதற்கான முதற்படி. பராக்கிரமசாலி என அழைக்கப்பட வேண்டியவளைக் குணசாலி என அழைத்து அமைதி கண்ட மரபு, தனது வேதத்தின் இறுதி வசனத்தை ஊர் வாசலில் நின்று மீண்டும் வாசிக்க வேண்டியுள்ளது. அவ்வாசிப்பில் வயலை வாங்கிய தலைவிக்கு மட்டுமன்றி, பெயர் கூறப்படாத பணிப்பெண்களுக்கும் அவர்தம் கைகளின் பலன் உரியதாதல் வேண்டும்.