மூன்று தட்டும் ஒரு மௌனமும்

சிக் என்ற டிஸ்கோக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பேஸ் கிற்றாரின் கீழ்த்தந்தியை மூன்று முறை தட்டுகிறார். ஒரே சுரம். பிறகு நிறுத்துகிறார். அந்தச் சிறு இடைவெளிக்குப் பின்தான் விரல்கள் மேலேறி ஓடத் தொடங்கும். நைல் ராட்ஜர்ஸின் கிற்றார் என்னதான் மினுங்கினாலும் ஆட்டத்தின் சீவன் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டில் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டு இந்த ஓட்டத்தின் மேல்தான் எழுந்தது.

1930களின் பஞ்சகாலத்துப் பாட்டு வாசகங்களை வேண்டுமென்றே இரவல் வாங்கிய பாட்டு 'குட் டைம்ஸ்'. கையில் காசில்லாத நாளில்தான் மடிப்புக் கலையாத சட்டை போட வேண்டும் என்பது சிக் குழுவின் கட்சி. போர்க்காலத்தில் மின்சாரமில்லாத மட்டக்களப்புப் படுவான்கரையில் றேடியோவுக்குக் காது கொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டிஸ்கோ என்றதும் பலருக்கு இந்தி நடிகர் மிதுன் சக்கரவர்த்தியின் கால்கள்தான் நினைவுக்கு வரும். வரட்டும். அதற்கு முன்பே, 1980இல், பெங்களூரில் பிறந்த இசையமைப்பாளர் பித்து 'குர்பானி' படத்துக்காகப் பதினைந்து வயது நாசியா ஹசனை அலட்டிக்கொள்ளாமல் பாடவைத்துவிட்டார்.

தமிழில் எல்லாரும் காட்டுவது 'இளமை இதோ இதோ'. சனவரி முதலாந் திகதி அதைக் கேளாமல் தப்ப முடியாது. ஆனால் அதே ஆண்டான 1982இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' அதைவிட நாகரிகமான சரக்கு. சலநாட்டை இராகத்துக்குக் கீழே பேஸ் தனக்கென ஒரு வழி போட்டுக்கொண்டு நடக்கும். இளையராசா பேஸ் வரிசையையும் சுரம் சுரமாக எழுதிக் கொடுப்பவர் என்பதால், எஸ்.பி.பி.யின் குரலை மனதால் ஒதுக்கிவிட்டுக் கேட்டாலும் கீழே இன்னொரு பாட்டு மிஞ்சும்.

மட்டக்களப்பில் டிஸ்கோவை இப்படிப் புகழ்ந்தால் பைலாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பறங்கியரின் கஃப்றிஞ்ஞா ஆட்டமும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இருக்க டிஸ்கோ எதற்கு என்பார்கள். ஆறெட்டுத் தாளத்தின் சுகத்தை யார் மறுத்தார்கள்? அது கூட்டத்தோடு கூடிக் குதிக்கச் சொல்லும். டிஸ்கோவின் நாலடி ஆளைத் தன் தோரணையோடு நிற்கச் சொல்லும்.

படுவான்கரையில் உள்ள உன்னிச்சைக் கலியாண வீடுகளில் இப்போது ஆளுயர டிஜே பெட்டிகள். தகரக் கூரை அதிர்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது; பேஸ் என்ன வாசிக்கிறது என்பது மட்டும் கேட்பதில்லை. பழைய பாட்டைப் போட்டாலும் ரீமிக்ஸ் என்று அதன்மேல் ஒரு மேலதிக அடியை ஏற்றி, இடைவெளி இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். அடி காணாதாம்.