மந்திரவாதிக்குக் கோச்சியில் இடமில்லை

ஆர்க்கானம் விளையாடிப் பாருங்கள் என்று யாரிடமாவது சொன்னால், அவர் முதலில் செய்வது யூடியூபில் தேடிப் பார்ப்பதுதான். மேலிருந்து சாய்வாகத் தெரியும் மண்ணிற ஊர், மெதுவாக நடந்து போகும் ஒரு சின்ன ஆள், 2001ஆம் ஆண்டு வெளிவந்தது என்ற தகவல். இவ்வளவோடு மூடிவிடுகிறார்கள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் எத்தனையோ பொடியன்மாரிடம் மன்றாடிப் பார்த்துவிட்டேன். ஃப்ரீ ஃபயரில் ஆளுக்குச் சட்டை மாற்றக் காசு கட்டுகிறவர்கள், இருபது வருடத்துக்கு மேல் பழசு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெரிய உலகத்தையே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997இல் ஃபால்அவுட் என்ற புகழ்பெற்ற கேமைச் செய்தவர்களில் டிம் கெய்ன், லெனர்ட் போயார்ஸ்கி, ஜேசன் அன்டர்சன் ஆகிய மூவரும் வேலையை விட்டு விலகி, 1998இல் ட்ரொய்க்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மொத்தம் மூன்றே கேம்கள். 2005இல் கடையை மூடிவிட்டார்கள். முதலாவது கேம்தான் ஆர்க்கானம். எல்ஃப்களும் குள்ளர்களும் மந்திரவாதிகளும் வாழும் உலகத்துக்கு நீராவி இயந்திரம் வந்து சேர்கிறது. மந்திரம் இயற்கை விதியை வளைத்துத்தான் வேலை செய்யும். இயந்திரம் அந்த விதியை நம்பித்தான் ஓடும். ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியாது. நீங்கள் ஏறிவந்த ஆகாயக் கப்பல் விழுந்து நொறுங்க, நீங்கள் மட்டும் பிழைக்கிறீர்கள். கதை அங்கே தொடங்குகிறது. பழைய லெப்டொப்பிலும் ஓடும். ஸ்டீமிலும் கோக் தளத்திலும் விற்கிறார்கள். ரசிகர்கள் செய்த திருத்தப் பொதியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சண்டையை முறை வைத்து அடிக்கும் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஓட்டச் சண்டை சகிக்காது. பேசி இணங்க வைக்கும் திறமைக்குப் புள்ளி போடுங்கள். போதும்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். பாத்திரமேற்று ஆடும் கேம்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, உங்களிடம் கேட்கும் கேம். மற்றது, உங்களைப் பார்க்கும் கேம். இந்த வித்தியாசம் பிடிபடாதவரை நீங்கள் எத்தனை கேம் விளையாடினாலும் தோலைத்தான் தின்கிறீர்கள், சுளை உள்ளே கிடக்கிறது.

கேட்கும் கேம் உங்கள் முன்னால் மூன்று பதில்களை வைக்கும். நல்லவனா, கெட்டவனா, நடுவிலா? அழுத்துங்கள். 2012இல் வந்த வாக்கிங் டெட் கேமில் நீங்கள் ஒன்றைச் சொன்னதும், இன்னார் இதை ஞாபகம் வைத்திருப்பார் என்று திரை மூலையில் அறிவிப்பு வரும். ஞாபகம் வைத்து என்ன செய்தார்? பெரும்பாலும் ஒன்றுமில்லை, கதை அதே வழியில்தான் போகும். ஸ்கைரிம் என்ற கேமைப் பாருங்கள். மந்திரம் பேருக்குத் தெரிந்திருந்தால் போதும், கோடரி தூக்கியே மந்திரக் கல்லூரிக்குத் தலைவராகிவிடலாம். தலைமைப் பதவி தருகிறவருக்கு எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. இதைத்தான் சுதந்திரம் என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். நீங்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லும் உலகத்தில் என்ன சுதந்திரம்?

பார்க்கும் கேம் உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. நீங்கள் யாரென்று அதற்குத் தெரிகிறது. ஆர்க்கானத்தில் அரை ஓர்க் என்ற இனத்தவன் ஒருவனாக நடந்தால் கடைக்காரன் முகம் முதல் வார்த்தையிலேயே சுருங்கும், பொருளின் விலையும் ஏறும். நல்ல உடுப்பு உடுத்துப் போனால் அதே கடையில் மரியாதை கொஞ்சம் கூடும். உடுப்பே இல்லாமல் போனால் அதற்கும் பேச்சுக் கேட்க வேண்டும். அறிவுப் புள்ளியை அடிமட்டத்துக்குக் குறைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். உங்கள் ஆளுக்கு முழு வசனம் வாயில் வராது. எதிரே இருப்பவர்கள் சிறுபிள்ளையிடம் பேசுவது போலப் பேசுவார்கள். உங்கள் வேலைகளைக் குறித்து வைக்கும் நாட்குறிப்புக்கூட அந்த ஆளின் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கும். முழு கேமுக்கும் இரண்டாவது தடவை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள்! எத்தனை பேர் இதைத் திறந்து பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தால் இப்படி எழுதியிருக்கவே மாட்டார்கள்.

ஒரு சண்டையைக் கிட்ட இருந்து பாருங்கள். உங்கள் ஆள் துப்பாக்கி செய்யப் படித்தவன், வெடிமருந்து தெரிந்தவன், முழுக்க இயந்திரப் பக்கம் சாய்ந்தவன். ஓநாய் கடித்துக் குற்றுயிராக நிற்கிறான். கூட வந்த விர்ஜில் குணமாக்கும் மந்திரத்தைப் போடுகிறார். உயிர் கொஞ்சம்தான் ஏறுகிறது. மறுபடியும் போடுகிறார், அவர் களைத்துப் போகிறார், உயிர் இன்னும் பாதிக்கு வரவில்லை. விர்ஜிலில் பிழையில்லை. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தீர்களோ அந்தச் சாய்வு உங்கள் உடம்பில் இருக்கிறது, மந்திரம் அதில் பிடிக்காது. எந்த அறிவிப்பும் திரையில் வருவதில்லை. நீங்களாகவே விளங்கிக்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. பெரிய மந்திரவாதியாக வளர்ந்துவிட்டு டரான்ட் நகரத்து ஸ்டேசனுக்குப் போனால் கோச்சியில் ஏற்றமாட்டார்கள். நீங்கள் ஏறினால் இயந்திரம் பழுதாகும் என்ற பயம். கையில் காசு இருக்கும், கோச்சி முன்னால் நிற்கும், நீங்கள் நடந்துதான் போக வேண்டும். தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிட்ட ஒரு கரையில் பிறந்த நமக்கு இது எங்கே உறைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோச்சி யாருக்காக ஓடுகிறது, யாரை விட்டுவிட்டு ஓடுகிறது என்ற கேள்வியை ஒரு கேம் கேட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு கிராபிக்ஸ் சரியில்லை என்று எழுதியவர்களை என்ன சொல்வது? பத்துச் சிறந்த கேம்கள் என்று வாரத்துக்கொரு பட்டியல் போடுகிறவர்கள் வரைபடம் எத்தனை கிலோமீட்டர் என்று அளக்கிறார்கள். காட்டை அளந்து என்ன பயன், காட்டில் ஒரு மனிதரும் உங்களை அடையாளம் காணாவிட்டால்?

இசையையும் கவனியுங்கள். இந்த வகைக் கேம் என்றாலே முரசும் கொம்பும் முழங்க வேண்டும் என்பது வழக்கம். பென் ஹூஜ் பெரும்பாலும் நான்கு தந்தி வாத்தியங்களை வைத்தே முழு உலகத்துக்கும் இசை அமைத்தார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், இரவு நேரம் நல்லது.

குறை இல்லையா? இருக்கிறது. கறுப்பு மலைச் சுரங்கம் நீளமானது, அலுப்பானது. அங்கே கல் பூதங்களை அடித்தால் உங்கள் வாள்தான் உடையும். சாதாரண வாள் ஒன்றை எடுத்துப் போங்கள், அல்லது கையால் குத்துங்கள். அந்த இடத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இனி உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். டரான்டில் அரை ஓகர் என்ற இனத்தார் எங்கிருந்து வருகிறார்கள் என்று துருவும் ஒரு வேலை உண்டு. அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு தீவில் மிகக் கொடிய உண்மையைக் கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடித்த பிறகு, குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்ற கேமில் வழியே வைக்கவில்லை. பரிசு இல்லை, வெற்றி இல்லை, அந்த வேலை அப்படியே அந்தரத்தில் நிற்கும். விளையாடியவர்கள் இன்றுவரை அதைப் பற்றி வாதம் செய்கிறார்கள். பிழையாக விட்டுவிட்டார்கள் என்போரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் மறைத்த விஷயம் நம் நாட்டில் எப்படி முடிகிறதோ, அங்கேயும் அப்படியே முடிகிறது.

முதல் ஆட்டத்துக்கு மந்திரம் எடுங்கள் என்பார்கள், சுலபம் என்பதால். கேட்காதீர்கள். துப்பாக்கி செய்யத் தெரிந்த, பார்க்க அழகில்லாத, நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் அரை ஓர்க்காகத் தொடங்குங்கள். முதல் ஊரான ஷ்ரௌடட் ஹில்ஸில் பாலத்தை மறித்துக்கொண்டு லூகன் என்ற ரவுடி நிற்பான். அவனைச் சுடவும் வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். பேசிப் பாருங்கள்.