ஒத்துக்கல: ஒரு வினைச்சொல்லின் அரசியல்

கருத்தடை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, அரசின் துண்டுப் பிரசுரம். மற்றொன்று, மக்கள்தொகைப் பூதம் குறித்த மேடைப்பேச்சு. இரண்டிலும் பெண்ணுடல் உண்டு. அந்த உடலின் பேச்சு கிடையாது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலோ பருத்திக் காட்டிலோ நின்றால் அந்தப் பேச்சு காதில் விழும். "மாத்திர எனக்கு ஒத்துக்கல." அவ்வளவுதான். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முடியுமா என்பதே இங்கு என் முயற்சி.

இலக்கணத்தை முதலில் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதது மாத்திரை. எழுவாய் அதுதான். பெண் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். ஆக, குற்றம் மாத்திரையின் மேல். சுகாதாரத் துறையின் சொல்லாடலுக்குள் வந்ததும் இது தலைகீழாகிறது. அங்கே பெண் 'ஏற்பவர்'. நிறுத்திவிட்டால் 'இடையில் விட்டவர்'. வாந்தி, தலைச்சுற்றல், நாள் கணக்கில்லாத உதிரப்போக்கு எல்லாம் 'பக்கவிளைவு'. யாருக்குப் பக்கம்? கரு தங்காமலிருப்பதை மட்டும் கணக்கில் வைத்திருப்பவருக்குப் பக்கம். வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பவளுக்கு, மாசத்தில் பத்துநாள் 'தூரம்' என்று ஒதுக்கப்படுபவளுக்கு, அதுதான் நடுமையம். "போகப் போகச் சரியாயிரும்" என்ற பதில் எனக்கும் ஒரு மருத்துவமனையில் கிடைத்திருக்கிறது. சரியாவது சிலருக்கு உண்மையும்கூட. ஆனால் அந்தப் பதில் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்தச் செவிட்டுத்தனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் முதல் கருத்தடை மாத்திரை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதம் பெண்களுக்குக் குமட்டல், தலைவலி, தலைச்சுற்றல் என்று அறிக்கை தந்தார். மாத்திரையை உருவாக்கிய பின்கஸ் அவற்றில் பெரும்பகுதியை மனப்பிரமை என்று ஒதுக்கினார். 1969இல் பார்பரா சீமன் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி நூல் எழுதினார். 1970இல் அமெரிக்கச் செனட் விசாரணையில், மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட ஏன் சாட்சிக்கு அழைக்கவில்லை என்று பெண்கள் எழுந்து நின்று கேட்டார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைச் சீட்டு வந்தது அதற்குப் பிறகுதான். இன்றைய மாத்திரையில் ஹார்மோன் அளவு அன்றிருந்ததைவிடப் பன்மடங்கு குறைவு. 'மனப்பிரமை' என்று சொல்லப்பட்டது கடைசியில் மருந்தியல் அறிவாக ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். 1985இல் ஆந்திராவின் பட்டன்சேருவில் 'நெட்-என்' ஊசி பரிசோதனைக்குப் பெண்களைத் திரட்டினார்கள். இது பரிசோதனை என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா தலையிட்டது; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1993இல் 'டெப்போ-புரோவெரா' ஊசிக்கு விற்பனை அனுமதி கிடைத்தபோதும் பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அரசுத் திட்டத்தில் அது நுழையாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தடுக்க முடிந்தது. 2017இல் 'அந்தரா' என்ற பெயரில் நுழைந்தது.

'ஒத்துக்கொள்' என்ற சொல்லுக்கு உடம்புக்கு இசைதல், சம்மதித்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. பட்டன்சேருவில் மீறப்பட்டது இரண்டாவது. ஊசியில் இரண்டும் ஒன்றாகச் சிக்கிக்கொள்கின்றன. மாத்திரை ஒத்துக்கலேன்னா நாளைக்கே நிறுத்திடலாம். மூன்று மாத ஊசியை உடம்பிலிருந்து எப்படித் திரும்ப எடுப்பது? ஊசியால் பயன்பெற்ற பெண்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஹார்மோனே விஷம் என்ற வாதமும் என்னுடையதல்ல. ஒருமுறை ஒத்துக்காமல் போனவளுக்கு, எந்த நிமிடமும் வெளியேற முடிகிற முறையா என்பதுதான் முதல் கேள்வி. "இன்னும் ஒரு முறை சேர்ந்தால் இன்னும் ஒரு சுதந்திரம்" என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வெளியேறும் வழியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒத்துக்காமைக்குள் மருத்துவ அறிவும் இருக்கிறது. கண்முன் ஒளிக்கீற்று தெறித்து ஒற்றைத் தலைவலி வருகிற பெண் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடக்கூடாது. பக்கவாத அபாயம் கூடும். இதை எந்தச் சோதனைக்கூடமும் முன்கூட்டிச் சொல்லாது. அவள் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் கேட்க வேண்டும்.

சரி, வேறென்ன வழி? காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை. ஆனால் முதல் சில மாதங்கள் போக்கையும் வலியையும் கூட்டக்கூடியது. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் இரத்தசோகையோடிருக்கும் மாநிலத்தில் இது சின்ன விஷயமில்லை. லக்னோவில் கண்டுபிடிக்கப்பட்டு 1991இல் அனுமதி பெற்ற 'சாயா' மாத்திரை ஸ்டீராய்டு அல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, விலக்குத் தள்ளிப்போகலாம். இது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது? மீதமிருப்பது ஆணுறையும் வாசக்டமியும். இங்கேதான் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம்.

'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா' என்றால் நம்மூரில் ஒரே அர்த்தம்: பெண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கொள்கையின் பெயர் முழுவதும் ஒரு தையலுக்குள் சுருங்கிவிட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும், 80 லட்சத்துக்கு மேல் அறுவைகள், பெரும்பாலானவை ஆண்களுக்கு. கட்டாயத்துக்கு எதிராக எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அதன்பின் துறை 'குடும்ப நலம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆணுடல் தப்பித்துக்கொண்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதியைத் தாண்டுகிறது. இரண்டு பிள்ளைக்கு நடுவில் இடைவெளி கேட்பவளுக்கும், இப்போது வேண்டாம் என்பவளுக்கும் இந்த மொழியில் ஒரு வினைச்சொல்கூட மிச்சமில்லை. நாட்டுக்காகவோ சொத்துக்காகவோ அல்ல, பெண் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை என்று பெரியார் பிரித்துச் சொன்னதை, அவர் படத்தை மாட்டியிருக்கும் அலுவலகங்களே மறந்துவிட்டன.

இலக்கியத்தில் மட்டும் என்ன வாழுகிறது? கரிசல் எழுத்து சூலைக் கொண்டாடத் தெரிந்தது. சோ. தர்மனின் நாவல் பெயரே 'சூல்'. வறண்ட நிலத்தில் நிறைந்த கண்மாயைச் சூலியாகப் பார்ப்பது இயல்பும் அழகும்தான். ஆனால் சூலை வேண்டாமென்று நிறுத்தும் உடலுக்கு அந்த எழுத்தில் நான் இடம் காண்பது அரிது. மானாவாரிக்காரர் ஒரு விதை முளைக்காவிட்டால் "இந்த மண்ணுக்கு ஒத்துக்கல" என்று விதையை மாற்றுகிறார். மண்ணை 'இடையில் விட்டவர்' என்று யாரும் பதிவதில்லை. பெண்ணை மண்ணாக்கும் உருவகத்தின் ஆபத்து தெரிந்தேதான் சொல்கிறேன்: அந்த மண்ணுக்குக் கிடைக்கும் மரியாதைகூடப் பெண்ணின் வாக்குமூலத்துக்குக் கிடைப்பதில்லை.

அமைப்புகளில் வேலை செய்யும் தோழர்களிடம் ஒன்று கேட்கலாம். ஊர்க்கூட்டங்களில் 'எத்தனை பேர் ஏற்றார்கள்' என்பதோடு, யார் எதை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். நர்சம்மாவிடம் அதைக் கொண்டுபோங்கள். அந்தக் கூட்டத்துக்கு வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். அவருடைய உடம்புக்கு எது ஒத்துக்கும் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதேயில்லை.