இறங்கும் பக்கம்

லிவர்பூலை ஒட்டிய ஏய்ன்ட்ரீ பந்தய மைதானத்தில் ஆறாவது வேலிக்குப் பீச்சர்ஸ் புரூக் என்று பெயர். எதிரே நின்று பார்த்தால் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த பச்சைச் சுவர், அவ்வளவுதான். சூட்சுமம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தாவும் தரையைவிட இறங்கும் தரை தாழ்வு. மண் இருக்கும் என்று நம்பிக் காலை நீட்டுகிற குதிரைக்கு அந்த மண் ஒரு கணம் தாமதமாகத்தான் கிடைக்கும். கிராண்ட் நேஷனல் பந்தயத்தின் பழைய படங்களை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் என் கண் அந்தக் கணத்தில்தான் போய் நிற்கிறது. யார் முந்துகிறார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குதிரைக்குத் தலையின் இரு பக்கமும் கண்கள். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. முன்னங்கால்களைத் தூக்கும் நேரத்தில், தான் தாண்டுகிற வேலியையே அது சரியாகப் பார்ப்பதில்லை. அப்பால் என்ன இருக்கிறது என்பது அறவே தெரியாது. சில எட்டுகளுக்கு முன்பு கண்ட உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாய்கிறது. மேலே இருக்கும் ஜாக்கியின் தேர்ச்சி இங்கேதான் தெரியும். மற்ற வேலிகளில் கழுத்தோடு ஒட்டிக் குனிகிறவர், இங்கே பின்னால் சாய வேண்டும். அங்கவடியில் காலை முன்னே ஊன்றி, கடிவாள வாரை விரல்களின் வழியே வழுக்கிப் போக விட வேண்டும். குதிரை கழுத்தை நீட்டித்தான் நிலை தேடும்; இழுத்துப் பிடித்தால் இரண்டு பேரும் கவிழ்வார்கள். குளம்பு பதிந்த மறுகணம் ஓடிப்போன வாரைச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டுப் பிடிப்பது என்று நாம் சொல்வோமே, அதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் இந்த வேலிக்குத்தான் போக வேண்டும்.

தடை தாண்டும் பந்தயத்துக்கு ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர் வந்தது தேவாலயக் கோபுரத்தால். 1752இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் எட்மண்ட் பிளேக், கார்னிலியஸ் ஓகாலகன் என்ற இருவர் பட்டவன்ட் ஊர்க் கோபுரத்திலிருந்து டோனரேல் கோபுரத்துக்குப் பந்தயம் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. ஓடை, சுவர், புதர் எது குறுக்கிட்டாலும் தாண்டு. கோபுரம் மட்டும் கண்ணில் இருக்கட்டும். இந்தக் காட்டு விளையாட்டை ஏய்ன்ட்ரீக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் லின் என்ற ஹோட்டல்காரர். 1839இல் நடந்ததைத்தான் முதல் நேஷனல் என்று பொதுவாகக் கணக்கில் வைக்கிறார்கள். ஜெம் மேசன் ஓட்டிய லாட்டரி என்ற குதிரை வென்றது. கேப்டன் மார்ட்டின் பீச்சர் ஓடையில் விழுந்து, மற்றக் குதிரைகள் தலைக்கு மேலே பறக்கத் தண்ணீருக்குள் பதுங்கிக் கிடந்தார். வென்றவன் பெயர் அல்ல, விழுந்தவன் பெயர்தான் அந்த வேலிக்கு நிலைத்தது. எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் பிடிப்பு வந்ததே இதைப் படித்த அன்றுதான்.

ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, முப்பது தாவல். வேலிகளின் மேல் லேக் மாவட்டக் காடுகளில் வெட்டிய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளைச் செருகி முடிகிறார்கள்.

1967இல் எல்லாவற்றிலும் சிறிய வேலிகளில் ஒன்றான இருபத்து மூன்றாவதில் நடந்ததை எல்லோரும் அதிர்ஷ்டம் என்பார்கள். ஜாக்கியை உதறிவிட்டு ஓடிக்கொண்டிருந்த பாப்பம் டவுன் வேலிக்கு முன்னே குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை மோதி, நின்று, திரும்பி, ஒரே குவியல். வெகு தூரம் பின்தங்கி வந்த ஃபாய்னவனை ஜான் பக்கிங்ஹாம் ஓர் இடைவெளி வழியே தாண்ட வைத்து வென்றார். நூறுக்கு ஒன்று என்று விலை பேசப்பட்ட குதிரை அது. பயிற்சியாளரே வேறொரு மைதானத்தில் பந்தயம் ஓட்டப் போயிருந்தார். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை குதிரைகள் மிரண்டு நிற்கும் இடத்தில், வேகம் குறைந்த குதிரையை நேராக நிறுத்தித் தாவச் சொல்வதற்கு அமைதியான கை வேண்டும். அந்தக் கைக்கு உரிய மதிப்பை யாரும் தரவில்லை என்பது என் மனக்குறை.

அதற்கு முந்தின நாள் அதே மைதானத்தில், தடையில்லாத குறுந்தூரப் பந்தயம் ஒன்றில் இரண்டு வயதுக் குதிரை சமநிலையில் முதலிடம் பெற்றது. அதன் பெயர் ரெட் ரம். குறுந்தூர ஓட்டத்துக்காக வளர்க்கப்பட்ட அது குளம்பெலும்பு நோயோடு சவுத்போர்ட் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. டாக்ஸி ஓட்டிப் பிழைத்து, கார் விற்றுக்கொண்டிருந்த ஜிஞ்சர் மெக்கெய்ன் அதை ஈர மணலில் ஓடவிட்டு, உப்புத் தண்ணீரில் நிற்க வைத்துத் தேற்றினார். 1973, 1974, 1977 மூன்று முறை வெற்றி. நடுவில் இரு ஆண்டும் இரண்டாம் இடம். ஐந்து நேஷனல், நூற்றைம்பது தாவல், ஒரு முறைகூட விழவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: வேலியின் மேல் வீணாக உயரம் எடுக்காது. இறங்கியதும் அடுத்த எட்டிலேயே ஓட்டம் திரும்பிவிடும்; எங்கே எவன் விழுந்து கிடந்தாலும் பூனை மாதிரி விலகிப் போகும்.

ஆனாலும் 1973ஐப் பார்க்கும்போது என் மனம் கிரிஸ்ப் பக்கம்தான். வலிய குதிரைக்குக் கூடுதல் சுமை என்பது இந்தப் பந்தயத்தின் விதி. ஆஸ்திரேலியக் குதிரையான கிரிஸ்ப், ரெட் ரம்மைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் அதிகம் சுமந்து, பந்தயத்தின் பெரும்பகுதியைத் தன்னந்தனியாக முன்னே ஓடியது. ஒவ்வொரு வேலியையும் ஆசைப்பட்டுத் தாவிய மாதிரி இருக்கும். கடைசி வேலிக்கு அப்பால் கால் தள்ளாடியது. ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சாட்டைக்காகக் கடிவாளத்திலிருந்து கையை எடுத்தார். குதிரை ஒரு பக்கம் சாய்ந்து விலகியது. அது தன் பிழை என்று அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். முக்கால் குதிரை நீளத்தில் தோல்வி. முதலில் வந்த ரெட் ரம்மின் நேரம் 9 நிமிடம் 1.9 வினாடி, பழைய சாதனை 18 வினாடிக்கு மேல் உடைந்தது. அந்த வேகம் தோற்ற குதிரை போட்ட வேகம்.

1956இல் அரசியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக், எல்லா வேலியையும் தாண்டி முடித்து, எல்லைக்கு வெகு அருகில் வெறுந்தரையில் வயிறு பட விழுந்தது. ஓட்டியவர் டிக் ஃபிரான்சிஸ், பிற்காலத்தில் புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியர். கூட்டத்தின் இரைச்சல்தான் குதிரையைக் கலக்கியது என்பது அவர் முடிவு.

பீச்சர்ஸ் இன்று பழைய பீச்சர்ஸ் அல்ல. 1989இல் இரண்டு குதிரைகள் அங்கே இறந்த பிறகு ஓடைப் பள்ளத்தைத் தூர்த்து மேடாக்கினார்கள். 2012இல் மேலும் இரண்டு உயிர் போனது. மறு ஆண்டு வேலிகளுக்குள் இருந்த மரக்கட்டைகளுக்குப் பதில் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் வந்தது. 2024 முதல் நாற்பது குதிரைகளுக்குப் பதில் 34. பழைய ரசிகர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்தப் பள்ளத்தின் அழகை இத்தனை வரி எழுதிய நான் வருந்தவில்லை. குதிரையின் கழுத்தெலும்பு கொடுக்கும் விலையில் எனக்கு எந்த அழகும் வேண்டாம்.

2021இல் தொற்றுக்காலம்; பார்வையாளர் இல்லாமல் பந்தயம் நடந்தது. மினெல்லா டைம்ஸ் மேல் அமர்ந்து ரேச்சல் பிளாக்மோர் வென்றார், நேஷனலை வென்ற முதல் பெண். அந்தப் படத்தில் இரைச்சலே இல்லை. கிளைகளை வயிறு உரசும் சரசரப்பு, பிறகு ஒரு நொடி மௌனம், பிறகு குளம்புகள் ஒன்றன் பின் ஒன்றாக மண்ணைத் தொடும் ஒலி.